இடப்பக்க சீட்

அத்தியாயம் 17

ஜீப் நகரவில்லை.

இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. சத்தத்தில் குறை இல்லை. கியரும் சரியாக விழுந்தது. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு முறை முன்பக்கம் குனிந்து, குலுங்கி, அணைந்துபோனது. சவரிமுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடியும் அதே கதை.

இறங்கிப் பின்சக்கரத்தருகே உட்கார்ந்தான். பிரேக் டிரம்மின் விளிம்பில் செம்மண் கரைத்து ஊற்றியதுபோல ஒரு கசிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது.

"அத்தை!"

ஆனந்தம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் காபி டம்ளர். அது அவனுக்கு இல்லை.

"இன்னா மாப்ள, காலங்காத்தால?"

"வண்டிய கழுவுனீங்களா?"

"ஆமா. நேத்து சாயந்திரம். ஒரே தூசி. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர் வண்டிய ஆசீர்வதிச்சு மந்திரிக்கப் போறாரு. அழுக்கு வண்டியவா கொண்டுபோயி கோயில் வாசல்ல நிறுத்துவீங்க?"

"எந்தத் தண்ணியில?"

"எந்தத் தண்ணின்னா? போர் தண்ணிதான். வண்டிக்கு கேன் தண்ணியா ஊத்துவாங்க?"

அந்த வீட்டு போர் தண்ணீர் பாதி கடல். அதில் துணி துவைக்கலாம். பாத்திரம் தேய்க்கலாம். குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றால் தோலில் வெள்ளை பூக்கும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் அதுதான் தண்ணீர். இரும்புக்கு மட்டும் அது ஆகாது. பிரேக் டிரம்முக்குள் அதை ஊற்றி, கை பிரேக்கையும் இழுத்துவிட்டு ஓர் இரவு விட்டால், உள்ளே எல்லாம் துருவில் ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் தெரிந்துதான் பதினான்கு மாதத்துக்கு முன்பே குழாயின் மேல் சிவப்புப் பெயின்டில் 'வண்டிக்கு வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். ஆனந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பவளே அவள்தான்.

"அம்மா."

சமையலறைக் கதவருகே சக்கர நாற்காலியில் அவன் மனைவி ரோஸ்லின் இருந்தாள். குளித்துத் தலை வாரியிருந்தாள். முழுக்கைச் சுடிதார்.

"இன்னிக்கு ஓடுமா ஓடாதான்னு கேளு."

ஆனந்தம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். இருவருக்கும் நடுவே நான்கடி தூரம்.

"இன்னிக்கு ஓடுமான்னு கேக்குறா."

"பத்து மணிக்கு ஓடும்."

"பத்து மணிக்கு ஓடுமாம்."

"கேட்டுச்சு" என்றாள் ரோஸ்லின், அம்மாவிடம்.

இரண்டு வருடம் நான்கு மாதமாக இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில், வழுக்கும் உப்பளக் கரையின் மேல், தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைத்து சவரிமுத்து இதே ஜீப்பை ஓட்டினான். மதகு வளைவில் வண்டி கவிழ்ந்தது. அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த ரோஸ்லினுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜீப் பத்தொன்பது நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. வெளியே இழுத்தபோது அதன் தரைத் தகடு சல்லடையாகியிருந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. அப்பன் ஏலத்தில் எடுத்தது. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். காய்லாங்கடைக்காரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஒரு வருடம் அப்படியே போனது. அடுத்த சவேரியார் திருநாள் அன்று, ஆனந்தம்மாள் ஒரு சேதியோடு வந்தாள்.

"மாப்ள, ரோஸ்லின் ஒண்ணு சொன்னா. அந்த வண்டிய அவளே ஓட்டுற மாதிரி செஞ்சி குடுங்க. எந்த அன்னிக்கு அவ ஓட்டுறாளோ, அன்னிக்கு உங்ககிட்ட பேசுவாளாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினான்கு மாதம். பகலில் லோடு லாரி பட்டறையில் வேலை, மற்ற நேரமெல்லாம் இது. தரைத் தகட்டை வெட்டிப் புதிதாகப் போட்டான். சேஸிஸின் வயிற்றைப் பிளந்து உள்ளே இருந்த உப்பைச் சுரண்டினான். டயரைக் குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் ஓடாமல் நின்ற ஜீப்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தான். கியர் ராடின் தலையில் பைக்கின் கிளட்ச் லீவரைப் பொருத்தினான். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரே கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், பின்னால் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். ஸ்டியரிங்கை ஒரு கையால் சுற்ற ஒரு குமிழ். காலுக்கு அந்த வண்டியில் இப்போது எந்த வேலையும் இல்லை.

இன்றைக்குத்தான் அவள் ஓட்டப் போகும் நாள்.

பின்சக்கரம் இரண்டையும் கழற்றினான். டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினான். பிடிவாதம் பிடித்தது. இருபது நிமிடத்தில் ஒன்று விட்டது, அடுத்தது நாற்பது நிமிடம் எடுத்தது. உள்ளே பிரேக் கட்டைகள் செம்பட்டைத் தலைபோல் இருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கேன் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவி, வெயிலில் வைத்தான்.

"குடிக்கிற தண்ணிய எடுத்து இரும்புக்கு ஊத்துறாரு பாரு" என்றாள் ஆனந்தம்மாள், பொதுவாகக் காற்றிடம்.

அவன் கட்டைகளை மறுபக்கம் திருப்பி வைத்தான். இத்தனை நாள் பொறுத்தாயிற்று. இன்னும் இரண்டு மணி நேரம்.

பத்தரைக்கு வண்டி தயார். சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் அவளைத் தூக்கக் குனிந்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும், அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கும் தினம் எட்டு முறை அவளைத் தூக்குவது அவன்தான். தூக்கும்போதெல்லாம் அவள் அவன் தோளுக்கு மேலே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா, தூக்க வேணாம்னு சொல்லு. நானே ஏறுறேன்."

"தானே ஏறுவாளாம்."

பலகையை வைத்தான். மெழுகுவத்தி தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. ஒரு முனை நாற்காலியில், மறு முனை டிரைவர் சீட்டில். மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதற்காகவே சீட்டை நான்கு விரற்கடை இறக்கியிருந்தான்.

அவள் கம்பியைப் பிடித்தாள். இடுப்பை ஒரு சாண் நகர்த்தினாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். இன்னொரு சாண். கால்கள் பின்னாலேயே இழுபட்டு வந்தன. பாதி தூரத்தில் நாற்காலி சற்றே விலகியது. பலகை சாய்ந்தது. கம்பியிலிருந்து கை நழுவியது.

கிளிஞ்சல் மண்ணில் பக்கவாட்டில் விழுந்தாள்.

சவரிமுத்து இரண்டே எட்டில் அருகே போனான்.

"அம்மா!" கன்னத்தில் மண்ணோடு தரையிலிருந்தே கத்தினாள். "தொட வேணாம்னு சொல்லு அவரை!"

"தொடாதீங்க மாப்ள. தொட வேணாங்கிறா இல்ல?"

அவன் கையை நீட்டியபடியே நின்றான். பிறகு கையை மடக்கிக்கொண்டான். அவள் முழங்கைகளை ஊன்றினாள். நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்தாள். எழும்பினாள், சரிந்தாள், மறுபடி எழும்பினாள். முழங்கையில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வந்தது. ஆனந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளையும் கிட்டே வரவிடவில்லை.

ஒரு கணம், மிகச் சிறிய கணம், அவளால் முடியாமல் போகட்டும் என்று சவரிமுத்து நினைத்தான். முடியாமல் போனால் தூக்க ஆள் வேண்டும். நினைத்ததும் தனக்கே கசந்தது. ஆனால் நினைத்தான்.

பதினொரு நிமிடத்தில் அவள் சீட்டில் இருந்தாள். பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்து மாட்டினாள். கன்னத்து மண்ணைத் துடைக்கவில்லை.

"அம்மா, அவரை ஏறச் சொல்லு. மொத தடவை ஓட்டுறேன். இன்னிக்கு மட்டும் பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு குந்தட்டும்."

இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அன்று அவள் இருந்த இடம். அங்கிருந்து பார்த்தால் கரை இவ்வளவு குறுகலாகத் தெரியும் என்பது அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

வண்டி நகர்ந்தது.

முதல் ஐம்பது அடி துள்ளித் துள்ளிப் போனது. பிறகு அவள் கை கம்பியைப் புரிந்துகொண்டது. இரண்டாவது கியர். இருபுறமும் பாத்திகள். மாசி வெயிலில் உப்பு விளைந்து கண்ணைக் கூசியது. குவித்து வைத்த உப்புமேல் பெண்கள் கீற்று மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் திரௌபதி இவர்களின் தெருக்காரி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அடியே ரோஸ்லினு! நீயா ஓட்டுற?"

ரோஸ்லின் கையை எடுக்க முடியாததால் தலையை ஆட்டினாள்.

"ஏம்பா சவரி, கெட்டியா புடிச்சிக்கோ! பழி வாங்கிடப் போறா!"

கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சவரிமுத்து பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அவர்களைத் தாண்டியதும் அது அடங்கிவிட்டது.

மதகு வந்தது.

கழுவெளி ஏரித் தண்ணீர் உப்பளத்துக்குள் வராமல் தடுக்கும் பழைய மதகு. கரை அந்த இடத்தில் சட்டென்று இடது பக்கம் திரும்பும். அவள் வேகத்தைக் குறைத்தாள். வளைவை அழகாக எடுத்தாள். எடுத்து முடித்த இடத்தில் கம்பியை முன்னால் தள்ளி வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

பதினான்கு மாதமாக அவன் இந்த இடத்தைத்தான் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறான். முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? திட்டுவாளோ? திட்டட்டும். காறித் துப்பினாலும் சரி. அதற்குத் தயாராகத்தான் இருந்தான்.

அவள் கைக்குட்டையை எடுத்து முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள்.

"ரோஸ்" என்றான். "ஓட்டிட்ட."

கைக்குட்டையை நான்காக மடித்தாள்.

"பேசுறேன்னு சொன்னியே. ஓட்டுற அன்னிக்குப் பேசுறேன்னு."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. முன்பின் தெரியாதவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு குழப்பம்.

"நான் எப்போ சொன்னேன்?"

அவள் பேசிவிட்டாள் என்பதே அவனுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"அத்தைகிட்ட. முந்தின வருசம், சவேரியார் திருநாளப்போ."

"அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலீங்க."

முன்பெல்லாம் அவனை 'வா, போ' என்பாள்.

"அப்ப இது?" டேஷ்போர்டைத் தொட்டுக் கேட்டான். "இவ்ளோ நாளா நான் செஞ்சதெல்லாம்?"

"செய்யறீங்கன்னு தெரியும். என்னாத்துக்குன்னு கேக்கல. மனசு உறுத்துது போல, செய்யட்டும்னு விட்டுட்டேன்."

காற்று உப்புத் தூளைக் கொண்டுவந்து கண்ணாடியில் போட்டது.

"இன்னும் என்மேல கோவமா?"

"இல்லீங்க. அது மொத வருசமே தீந்துபோச்சு." யோசித்துவிட்டுச் சொன்னாள். "பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் பேசல."

அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்குள் கியரில் கை வைத்திருந்தாள்.

"வண்டி நல்லா வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். நீங்க குந்தியிருக்கீங்களே, அந்த சீட்டைக் கழட்டிடுங்க."

"ஏன்?"

"வீல்சேர் அங்கதான் வெக்கணும். மடிச்சி நானே இழுத்துப்பேன். நீங்க பின்னாடி மாட்டி வெச்சிருக்கீங்க. அங்கேருந்து எடுக்க இன்னொரு ஆளு வேணும்."

"ஆளுக்குத்தான் நான் இருக்கேனே."

கம்பியை இழுத்தாள். இன்ஜின் சத்தம் ஏறியது. கரை அகன்ற இடத்தில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினாள்.

வாசலில் ஆனந்தம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்ததுமே மாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சவரிமுத்து இறங்கி நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"பேசுறேன்னு அவ சொல்லவே இல்லையாமே."

"இன்னாத்த?"

"நீங்கதான் சொன்னீங்க. ஓட்டுனா பேசுவான்னு."

ஆனந்தம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் ஸ்டியரிங் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள் ஆனந்தம்மாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "சொல்லலேன்னா நீங்க இந்நேரம் இங்க இருந்திருப்பீங்களா? திண்டிவனத்துல ஒரு வீடு பாத்து, இன்னொருத்தி கழுத்துல தாலி ஏறியிருக்கும். ஆம்பளைங்க இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு அறுபத்திமூணு வயசு. எனக்கே இடுப்பு ஒடைஞ்சி கெடக்குது. யாரு தூக்குவா அவளை? நானா? அதான் சொன்னேன். நாயிக்குக் கூட ஒரு எலும்புத்துண்டைக் காட்டித்தானே கட்டிப்போட வேண்டியிருக்குது."

"அத்தை."

"இன்னா அத்தை? செஞ்சீங்க இல்ல? உங்களால வந்தது, நீங்கதானே செய்யணும்?"

"நேத்து போர் தண்ணிய ஊத்துனதும் அதுக்குத்தானா? வண்டி ஓடுனா இது வெளிய வந்துடும்னு?"

ஆனந்தம்மாள் இடுப்பில் செருகிய ஜெபமாலையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அவன் இன்னும் ஏதோ கேட்கப் போனான். கேட்டு என்ன ஆகப் போகிறது? ஷெட்டுக்குள் போய் ஸ்பேனர் செட்டை எடுத்துவந்தான். இடப்பக்கம் வந்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான்.

"இன்னாடி பண்றாரு?" என்றாள் ஆனந்தம்மாள்.

"சீட்டைக் கழட்டச் சொன்னேன்."

"எந்த சீட்டை?"

"அந்த ஒரு சீட்டுதானேம்மா இருக்கு."

வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் ஆனந்தம்மாளின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வெடித்த குதிகால்கள். ஒரு பாதம் முன்னால் வந்தது. பிறகு நின்றது.

"அப்ப நான்?" என்றாள். "நாளைக்கு மந்திரிக்கப் போறப்ப நான் எங்க குந்துவேன்?"

மேலே பெல்ட் கழற்றும் சத்தம் கேட்டது.

"ரோசு, உன்னைத்தான் கேக்குறேன். நான் எங்கடி குந்துவேன்?"

"ஆட்டோவுல வாம்மா."

பாதங்கள் அங்கேயே நின்றன. வெகு நேரம் நின்றன. பிறகு மெதுவாகப் பின்வாசல் பக்கம் போயின. போகிற வழியில் ஒரு முறை தடுமாறின.

நான்கு போல்ட்டுகள். உப்புக் காற்றுக்குப் பிடித்துக்கொள்ளக் கூடாதென்று நான்கிலும் அவனே கிரீஸ் தடவி மாட்டியிருந்தான். முதலாவது விரலாலேயே சுழன்று வந்தது. அதைக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்தான். இரண்டாவதும் சுலபம்தான். மூன்றாவதில் ஸ்பேனரைப் போட்டபோது, மேலே அவள் செல்போனில் எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. தலைக்கு மேல் ஒரு தகடுதான் தடுப்பு. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"நான்தான்" என்றாள். "ஓட்டிட்டேன். மதகு வரைக்கும்."

எதிர்ப்புறம் யாரோ நிறையப் பேசினார்கள். ரோஸ்லின் சிரித்தாள். பெண்களோடு சிரித்த சிரிப்பு இல்லை இது. இன்னும் பழைய சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவன் கேட்டது.

"பதினெட்டாம் தேதி டெஸ்ட். லைசென்ஸ் கைக்கு வந்ததும் கெளம்பி அங்கயே வந்துடறேன்... இல்ல, வேற யாரும் இல்ல. தனியாத்தான்."

சவரிமுத்துவின் கை ஸ்பேனரோடு நின்றது.

"ஐயோ, சீட்டைக் கழட்டணும்னு அப்பவே சொல்லிட்டேன்" என்றாள் ரோஸ்லின், குரலைத் தணிக்காமல். "நீ சொன்ன மாதிரியேதான் சொன்னேன்... ஆமா. கீழே படுத்துக் கழட்டிக்கிட்டுத்தான் இருக்காரு."